உப்பு வாளியைத் தள்ளி வை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின படத்தில் ஒட்டாவா வீட்டு வாசலையும் அந்தச் சிவப்புச் செங்கல் நடைபாதையையும் பார்த்து அம்மாவுக்கு ஒரே சந்தோசம். என் கண் போனது கதவடியில் இருந்த உப்பு வாளியில். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஸ்காபரோவில் வீடு வாங்கின முதல் வருசம், பனியில் யாரும் வழுக்கி விழுந்துவிடக் கூடாதென்று நானும் செங்கல் நடைபாதையில் உப்பை அள்ளி அள்ளிப் போட்டேன். ஏப்ரலில் கூட்டும்போது தும்புத்தடியோடு சிவப்புப் பொருக்கு வந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். பப்படத் துண்டு மாதிரி, ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் தூள். செங்கலின் மேல்முகமே கழன்று வந்திருந்தது. மனம் சரியாகக் கஷ்டப்பட்டது.

செங்கல் தண்ணீர் குடிக்கும், பிள்ளை. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். கல்லை உள்ளேயிருந்து தள்ளும். உப்புப் போட்டால் பனி உருகி அந்த உப்புத்தண்ணீர் கல்லுக்குள் இறங்கும், குளிர் கூடினால் திரும்ப உறையும். இப்படி எத்தனை தரம்! காய்ந்த பிறகும் உப்பு உள்ளே கட்டிபட்டு நின்று பிளக்கும். ஊரில் அப்பாச்சி வீட்டுச் சுவரடியில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்ந்ததை நீயும் பார்த்தாய்தானே? அதே வேலைதான், இங்கே உறைபனியும் கூடச் சேருகிறது.

அதனால் பனி தள்ளுகிற சவல்தான் முதல் மருந்து. ஸ்னோ விட்டதும், ஆள் மிதிக்க முன்னம் தள்ளிவிடு. மிதிபட்டதுதான் பிறகு கட்டிப் பனியாகிறது. இரும்புச் சவல் வேண்டாம், கல்லின் விளிம்பை உடைக்கும்.

இன்னொன்று. குளிர் மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால் சாதாரண உப்பு பெரிதாக வேலை செய்யாது. உருகவில்லையே என்று இன்னும் கொட்டுவதில்தான் கேடு. அந்த நாட்களில் மணல் தூவு. உருக்காது, ஆனால் கால் பிடிக்கும். படிக்கட்டுக்கு மட்டும் கல்சியம் மக்னீசியம் அசிற்றேட் என்கிற பனி உருக்கி வாங்கி வை. விலை கூடத்தான், கடும் குளிருக்கும் சரிவராது, ஆனால் கல்லுக்கு உப்பைப் போலக் கெடுதி செய்யாது. பசளையை யாராவது பனிக்குப் போடச் சொன்னால் கேட்காதே. அதில் உள்ள அமோனியம் உப்புகள் கொங்கிறீற்றையே அரிக்கும்.

படத்தில் கவனித்தேன், கூரைத் தண்ணீர் இறங்குகிற பீலிக் குழாய் நேரே நடைபாதையில்தான் தண்ணீர் விடுகிறது. பகலில் கூரைப் பனி உருகி வழிந்து, இரவில் கண்ணாடி போல உறையும். அதைப் புல்பக்கம் திருப்பிவிட்டால் பாதித் தொல்லை போய்விடும். மருமகனிடம் இந்தக் கிழமையே செய்யச் சொல்லு.

கல் தண்ணீர் குடிக்காமல் தடுக்கிற சீலர் பூசுவது அடுத்த செப்டம்பரில், கல் நன்றாகக் காய்ந்திருக்கும்போது பார்ப்போம். மேலே படலமாக மூடுகிறது வேண்டாம், ஈரம் உள்ளே அடைபடும். கல்லுக்குள் ஊறி, மூச்சுவிட விடுகிற வகைதான் நல்லது.

நத்தாருக்கு வரும்போது என் பிளாஸ்டிக் சவல் ஒன்றைக் கொண்டுவருகிறேன். மணல் மட்டும் நீ இப்போதே வாங்கி, நனையாமல் கராஜுக்குள் வை.

அன்புடன்,
அப்பா