நடுவரை மட்டும் திட்டி என்ன பயன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றிப் போன இதழில் வந்த கடிதத்தைப் படித்தேன். நடுவர்கள் எல்லாரும் பெரிய கல்லூரிகளின் கைக்கூலிகள் என்கிற அளவுக்கு அந்த வாசகர் கொதித்திருந்தார். கோபம் எனக்கும் உண்டு, வட கரோலினாவில் குடியிருந்துகொண்டு, கல்லூரிகளின் தேசியப் போட்டி நடக்கிற மார்ச் மாதத்தை அது இல்லாமல் தாண்ட முடியாது. ஆனால் அவர் நடுவரைப் பிடித்துக்கொண்டு விதிப்புத்தகத்தைக் கோட்டைவிட்டுவிட்டார். எனக்கு ஆத்திரம் அந்தப் புத்தகத்தின் மேல்தான், குறிப்பாக ஆண்கள் ஆட்டத்தில் ஃபவுலைக் கணக்கு வைக்கிற முறையின் மேல்.

ஓர் ஆட்டக்காரன் ஐந்து ஃபவுல், அதாவது எதிராளியை விதி மீறி இடிப்பது, பிடிப்பது மாதிரித் தப்பு, செய்தால் வெளியே போக வேண்டும், சரி. நடப்பது என்ன? காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, பார்க்கிங்குக்குத் தனியாக அழுது, ஒரு நல்ல ஆட்டக்காரனைப் பார்க்கலாம் என்று போய் உட்காருகிறோம். ஏழெட்டு நிமிடம் ஆவதற்குள் அவன் விரல் எதிராளியின் முழங்கையில் பட்டதோ படவில்லையோ, இரண்டாவது விசில் வந்துவிடுகிறது. கோச் உடனே கை காட்டிக் கூப்பிடுகிறார். பையன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, இன்னும் மூன்று ஃபவுல் மிச்சம் இருக்க, இடைவேளை வரை பெஞ்சில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறான். அவனை உட்கார வைத்தது நடுவரா? கோச்சின் பயம்தான், அந்தப் பயத்தைக் கொடுப்பது விதி.

தொழில்முறை ஆட்டக்காரர்களின் லீக்கான என்.பி.ஏ. மாதிரி ஆறாக்கிவிடலாமே என்பார்கள். அங்கே 48 நிமிடத்துக்கு ஆறு, இங்கே 40 நிமிடத்துக்கு ஐந்து, வகுத்துப் பார்த்தால் இரண்டுமே எட்டு நிமிடத்துக்கு ஒன்றுதான். பிக் ஈஸ்ட் என்கிற கல்லூரி லீக்கின் அணிகள் 1990களின் தொடக்கத்தில் ஆறு ஃபவுல் வைத்து ஆடிப் பார்த்து, ஆட்டம் முரட்டுத்தனமாகிறது என்று விட்டுவிட்டார்கள். அதனால் ஆறு என்கிற கோரிக்கையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

என் வாதம் அணி ஃபவுல், அதாவது ஓர் அணியின் எல்லா ஆட்டக்காரர்களின் ஃபவுலையும் சேர்த்த கணக்கு, பற்றியது. ஆண்கள் ஆட்டத்தில் 20 நிமிடப் பாதி ஒவ்வொன்றிலும் ஓர் அணியின் ஏழாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு 'ஒன் அண்ட் ஒன்' கிடைக்கும், அதாவது முதல் ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காமல் கூடைக்கு எறிகிற ஒரு புள்ளி வீச்சு) விழுந்தால்தான் இரண்டாவது. பத்தாவதிலிருந்து நேராக இரண்டு. 70 சதவீதம் போடுகிற ஒருவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ என்றால் சராசரி 1.4 புள்ளி, ஒன் அண்ட் ஒன் என்றால் 1.19 தான். தப்புச் செய்த அணிக்குத் தள்ளுபடி! இதற்கும் மேலே, ஏழை எட்டும்வரை வேண்டுமென்றே பிடித்து இழுத்தாலும் பந்தைப் பக்கக் கோட்டிலிருந்து உள்ளே போடக் கொடுப்பதோடு சரி.

2019 தேசியப் போட்டியின் ஆண்கள் அரையிறுதியில் ஆபர்ன் கல்லூரி அணி செய்தது இதைத்தான். மின்னியாபொலிஸில் நடந்த அந்த ஆட்டத்தில் கடைசி நொடிகளில் இரண்டு புள்ளி முன்னிலை, கையில் ஃபவுல் மிச்சம், வர்ஜீனியாவைப் பிடித்துப் பிடித்து நேரத்தைக் கரைத்தார்கள். அந்த இழுபறியில் வர்ஜீனியாவின் டை ஜெரோம் தட்டிய பந்து அவர் காலில் பட்டுப் போக, இரண்டு கையாலும் பிடித்து மறுபடி தட்டினார். தெளிவான டபுள் டிரிபிள் (தட்டி முடித்துப் பிடித்த பந்தை மறுபடி தட்டுகிற தப்பு), விசில் இல்லை. உடனே ஆபர்னின் ஃபவுலுக்கு மட்டும் விசில். அப்புறம் 0.6 நொடி இருக்கும்போது வர்ஜீனியாவின் மூன்று புள்ளி வீச்சில் ஆபர்ன் ஒரு ஃபவுல், மூன்று ஃப்ரீ த்ரோவும் உள்ளே, 63-62, வர்ஜீனியா இறுதிப் போட்டிக்குப் போய்க் கோப்பையையும் வாங்கியது. கடைசி ஃபவுல் ஃபவுல்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டபுள் டிரிபிளைத் திரையில் பார்த்துத் திருத்த விதியில் இடமே கிடையாது. நடுவர் தவறவிட்டார், புத்தகம் அவர் கையைக் கட்டிப்போட்டது.

2025-26 சீசனிலிருந்து கோச்சுகள் தீர்ப்பைத் திரையில் பார்க்கச் சொல்லி முறையீடு செய்யலாம் என்று கொண்டுவந்தார்கள். பந்து யார் மேல் பட்டு வெளியே போனது, கூடைக்கு மேலே இருந்த பந்தைத் தொட்டார்களா, தடுத்தவர் கூடைக்கு அடியில் இருக்கிற வளைவுக்குள் நின்றாரா, இவ்வளவுதான். ரசிகன் தொண்டை கிழியக் கத்துகிற ஃபவுலுக்கு மட்டும் முறையீடு கிடையாது. என்.பி.ஏ. 2015 முதல் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளில் எது சரி, எது தப்பு என்று வெளியிட்டு வருகிறது. கல்லூரி ஆட்டத்தில் அதைச் செய்தால் வானமா இடிந்துவிடும்?

பெண்கள் ஆட்டத்தைப் பாருங்கள். 2015-16 முதல் பத்து நிமிடக் குவார்ட்டர் நான்கு, குவார்ட்டரின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ, குவார்ட்டர் முடிந்தால் கணக்கு மறுபடி பூஜ்யம். ஒன் அண்ட் ஒன் என்ற கூத்தே இல்லை. ஆண்களுக்கும், தேசியப் போட்டிக்கு இடம் கிடைக்காத அணிகள் ஆடுகிற என்.ஐ.டி. தொடரில் 2018 இல் குவார்ட்டர் முறையை ஆடிப் பார்த்தார்கள், அத்தோடு கிடப்பில் போட்டாயிற்று. பெண்கள் ஆட்டத்தில் சர்ச்சையே இல்லை என்று சொல்லவில்லை. 2024 தேசியப் போட்டி அரையிறுதியில் கனெக்டிகட் ஒரு புள்ளி பின்தங்கி, ஆட்டம் முடிய நான்கு நொடிகூட இல்லாதபோது, அதன் ஆட்டக்காரர் நகர்ந்துகொண்டே எதிராளியை மறித்ததாக ஃபவுல் கொடுத்தார்களே, அயோவா 71-69 என்று ஜெயித்தது, அதைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் சண்டை. (என் மகள் கனெக்டிகட் பக்கம். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.)

கைக்கூலி என்று எழுதிய வாசகருக்கு ஒன்று. 2017 ஆண்கள் தேசியப் போட்டியில் வட கரோலினா அணியிடம் கென்டக்கி தோற்றபோது, நடுவர்களில் ஒருவர் ஒமாஹாவில் நடத்திய கூரை போடும் நிறுவனத்தைத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் வசைபாடினார்கள் ரசிகர்கள், கொலை மிரட்டல்கூட வந்தது. தீர்ப்பு எதுவும் மாறவில்லை. வேண்டுமானால் விதிக்குழுவுக்கு எழுதுங்கள், நான் எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை, மறுபடி எழுதுவேன்.

கடைசியாக ஆசிரியரிடம் ஒரு குறை. போன மார்ச்சில் ஆண்கள் போட்டி அட்டவணைக்கு முழுப்பக்கம் ஒதுக்கினீர்கள், பெண்கள் ஆட்டத்துக்கு நான்கு வரி. அடுத்த முறை இரண்டையும் போடுங்கள், எது பார்க்க நன்றாக இருக்கிறது என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு வாசகர்,
கேரி, வட கரோலினா