அந்தக் கவசத்தை ஓவியத்தின் பக்கத்திலேயே வையுங்களேன்

மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தாருக்கும், அரண்மனை ஆயுதசாலையைப் பராமரிப்பவர்களுக்கும் வணக்கம்.

வெனிஸ் ஓவியர் டிஷியன் 1548-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தங்கித் தீட்டிய, புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் குதிரைமேல் வரும் ஓவியம் பற்றித்தான் இந்த மடல். ஓவியம் பிராடோவில் தொங்குகிறது. அதில் பேரரசர் அணிந்திருக்கும் கவசம் அரண்மனையில் இருக்கிறது. இடையே அரைமணி நேர நடை. 2010-இல் ஒரு கண்காட்சிக்காக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். அப்புறம் கண்காட்சி முடிந்ததும் பிரித்துவிட்டீர்கள். மறுபடியும் சேர்த்து வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஏன் என்று சொல்கிறேன். 1547 ஏப்ரல் 24 அன்று மூல்பெர்க்கில் புராட்டஸ்டன்ட் இளவரசர்களின் படையைச் சார்லஸ் தோற்கடித்தார். அந்த வெற்றிக்காக எழுந்த படம் இது. ஆனால் படத்தில் போரே இல்லை. எதிரி இல்லை, பிணம் இல்லை, பின்னால் ஒரு சிப்பாய்கூட இல்லை. தோப்பை விட்டு வெளியே வரும் கருங்குதிரை, சிவப்புப் பட்டி, நீண்ட ஈட்டி, மங்கிய வானம், அவ்வளவுதான். கீர்த்தியையும் மதத்தையும் உருவகப் பெண்களாக்கிக் கூடவே வரையச் சொல்லி டிஷியனின் நண்பரான எழுத்தாளர் அரெட்டினோ யோசனை சொன்னாராம். நல்லவேளை, டிஷியன் கேட்கவில்லை.

அந்த மார்புக் கவசத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். மின்னுவதெல்லாம் வெறும் வெள்ளைத் தீற்றல்கள். பத்தடி பின்வாங்கினால் இரும்பு! ஆக்ஸ்பர்க் கொல்லர் டெசிடேரியஸ் ஹெல்ம்ஷ்மிட் 1544-இல் அடித்த அசல் இரும்பு பக்கத்தில் நின்றால், ஓவியர் எதைப் பார்த்தபடியே வரைந்தார், எங்கே கையை ஓடவிட்டார் என்று யாருக்கும் புரியும். கவசத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். உள்ளே இருந்த ஆளை அப்படிப் பார்க்க வழியில்லை. கீல்வாதத்தில் பல வருடம் அவதிப்பட்டவர் சார்லஸ். மூல்பெர்க் போரின்போது வயது 47. படத்திலோ சேணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். வலியின் சாயல் எனக்குத் தெரிவது அந்தத் துருத்திய தாடையின் இறுக்கத்தில் மட்டும்தான். அது என் கற்பனையாகவும் இருக்கலாம். சரி, இருக்கட்டும்.

இந்த ஓவியம் பட்ட பாடும் கொஞ்சமல்ல. வண்ணம் காய வெளியே வைத்தபோது காற்றில் விழுந்து குதிரை சேதமானது; உள்ளூர் ஓவியர் ஆம்பெர்கர் கைகொடுத்துத்தான் சரிசெய்தார்கள். 1734-இல் மாட்ரிட் அரண்மனை எரிந்தபோது கீழ்ப்பகுதி மறுபடி கெட்டது. ஆகவே மூன்று மீட்டருக்கு மேல் உயரமான இந்தப் படத்தை அசைக்க வேண்டாம். இரும்பு வரட்டும், அது பயணத்துக்குப் பழகியது.

முழுக் கவசத்தையும் தர ஆயுதசாலைக்கு மனமில்லை என்றால், ஆண்டுக்கு மூன்று மாதம் அந்த மார்புத் தகட்டை மட்டுமாவது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓவியம் பார்க்க வரிசையில் நிற்பவர்களில் ஒருவன்