ஆண்டறிக்கை 2025–26 (பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இன்றைக்காவது நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பொதுக்குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஈரோட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் ஜவுளிக்கடை, மஞ்சள் மண்டி, அரிசி ஆலை, அடகுக்கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கையை, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 விதித்த கடமைப்படி உங்கள் முன் வைக்கிறேன்.

ஆண்டில் பன்னிரண்டு மாதக் கூட்டங்கள் அறிவித்தோம், ஒன்பது நடந்தன. ஆயுதபூஜை வழக்கம்போல் நடந்தது, பொரி மிஞ்சியது. மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு அஞ்சலி செலுத்தினோம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிவதைப் பற்றிய கூட்டத்துக்கு மட்டும் நாற்காலி போதவில்லை. வாடிக்கையாளர் போன் போட்டுக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் அல்லவா.

செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12, 28 சதவீதங்கள் பெரும்பாலும் போய் 5-ம் 18-ம் நின்றன. ஆயத்த ஆடைக்குக் குறைந்த வரி எந்த விலை வரை என்ற கோடு ஆயிரம் ரூபாயிலிருந்து 2,500-க்கு நகர்ந்தது. தீபாவளி வியாபாரம் தொடங்கும் நேரத்தில் ஒவ்வொரு ஜவுளிக்கடையிலும் உட்கார்ந்து விகிதத்தை மாற்றிக் கொடுத்தவர்கள் நாம். அந்த இரண்டு மாதம் கூட்டத்துக்கு வராதவர்களை நான் குறை சொல்லவில்லை. மற்ற மாதங்களில் என்ன விகிதம் மாறியது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி, "செயலாளர் எட்டு மாதம் என்னதான் செய்தார்" என்று வாட்ஸாப் குழுவில் கேட்கப்பட்ட கேள்விக்கு வருகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் உதவிப் பொருளாளராக ஒரு தம்பியைத் தேர்ந்தெடுத்தோம். பி.காம். படித்தவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கை தூக்கித் தேர்ந்தெடுத்தது எல்லோரும்தான். மறுநாள் அவர் லேப்டாப்புடன் அலுவலகம் வந்தபோது இருந்தது நான் ஒருவன்தான். சந்தாப் பதிவேட்டைத் திறந்து கொடுத்தேன். அது 2009-ல் நானே விபி 6 என்ற பழைய மைக்ரோசாஃப்ட் நிரல்மொழியில் எழுதியது. நன்றாக ஓடுகிறது என்று பதினாறு ஆண்டுகளாக நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த மென்பொருள்.

அவர் டேப் விசையைத் தட்டினார். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ "எடிட்" என்றது. இன்னொரு தட்டு, "எடிட்". மூன்றாவது, "எடிட்". "சார், எந்தக் கட்டத்துல பேரு, எந்தக் கட்டத்துல தொகைங்க?" என்று கேட்டார். கட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறதே தம்பி என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். விபி 6-ல் லேபிள் என்பது தனி விண்டோ இல்லை, ஃபாரத்தின் மேல் பூசிய எழுத்து. பார்ப்பவனுக்கு இருக்கிறது, ஸ்கிரீன் ரீடருக்கு இல்லை. சேமிக்கும் பட்டனோ நான் ஆசையாக வரைந்து வைத்த ஒரு ஃபிளாப்பி படம். அது இமேஜ் கன்ட்ரோல் என்பதால் டேப் அதன்மேல் நிற்கவே இல்லை. மவுஸ் இல்லாதவன் என் மென்பொருளில் எதையும் சேமிக்க முடியாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் பெயர்கள். அந்தக் காலத்தில் நாம் எல்லோரும் செய்தது போலவே பாமினி எழுத்துருவில் போட்டு வைத்திருந்தேன். 'அம்மன்' என்று தொடங்கும் ஒரு கடைப் பெயரை அவர் எழுத்தெழுத்தாகக் கேட்டார். "எம், கே, செமி, கே, டி, செமி" என்றது கணினி. தமிழாகத் தெரிந்ததெல்லாம் திரையில் மட்டும்தான், உள்ளே கிடந்தது ஆங்கில எழுத்து. தம்பி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

இதில் என்விடிஏவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ல் எழுதத் தொடங்கிய ஸ்கிரீன் ரீடர் அது. காசு கொடுத்து ஸ்கிரீன் ரீடர் வாங்க முடியாதவர்களுக்காக இலவசமாகவே வெளியிட்டார்கள், இன்றும் இலவசம்தான். பைத்தானில் எழுதியது, மூல நிரல் திறந்தே கிடக்கிறது. விண்டோஸோடு வரும் தமிழ்க் குரலையும் அதில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் குரலுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பெயர் வள்ளுவர். ஆக, குரல் தயாராக இருந்தது. படிக்கக் கொடுக்க வேண்டியதை நாம்தான் கொடுக்கவில்லை.

தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறிமுறை யூனிகோடு, விபி 6-ன் கட்டங்கள் அதைத் தாங்காது. எனவே ஒட்டுப்போட வழியில்லை, மொத்தத்தையும் அதன் புதிய வடிவமான விபி டாட் நெட்டில் மீண்டும் எழுதினேன். ஏன் எட்டு மாதம் என்று கேட்டவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவும். பழைய எழுத்துருவில் கொம்பு முதலில் வரும், மெய் பின்னால் வரும். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. யூனிகோடில் க முதலில் வர வேண்டும். என் முதல் மாற்றி நிரல் துண்டுக்குத் துண்டு மாற்றியதில் கொடுமுடி, கோபி, பெருந்துறை, மொடக்குறிச்சி எல்லாம் சிதைந்து, வள்ளுவர் திக்கித் திணறினார். பவானியும் அந்தியூரும் மட்டும் தப்பின. ஊர்ப் பெயர்களைச் சரி செய்யவே ஆடி மாதம் போய்விட்டது.

டாட் நெட்டில் ஒரு வசதி உண்டு. லேபிளின் டேப் வரிசை எண் அதற்குரிய கட்டத்துக்குச் சரியாக முன்னால் இருந்தால், கட்டம் அந்தப் பெயரைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒரு வரிகூட நிரல் வேண்டாம். பட்டனுக்கு ஆக்சஸிபிள்நேம் என்று ஒரு பண்பு, அதில் 'சேமி' என்று தட்டினால் போதும். இதைப் பத்து நிமிடத்தில் செய்யலாம். மீதி எட்டு மாதம் அந்தப் பத்து நிமிடத்தை 2009-லேயே செய்யாததற்கான வட்டி.

உறுப்பினர் பட்டியலை வரிசையும் கட்டமுமாகக் காட்ட ஒரு கிரிட் கன்ட்ரோலை விலை கொடுத்து வாங்கினோம். பார்க்க அழகு. ஆனால் எல்லாவற்றையும் தானே படமாக வரைந்துகொள்வதால் ஸ்கிரீன் ரீடருக்கு அது ஒரு வெற்றுச் சுவர். விற்ற நிறுவனத்துக்கு மூன்று மின்னஞ்சல் போட்டேன். மூன்றுக்கும் 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்ற ஒரே பதில். கடைசியில் டாட் நெட்டோடு சும்மா வரும் கிரிடையே வைத்தேன். அது பேசுகிறது, ஆனால் முதல் வரிசையை "ரோ ஜீரோ" என்கிறது. "ஜீரோவாவது உறுப்பினர் யாருங்க சார்?" என்றார் தம்பி. தலைவர் அவர்கள் அந்த வரிசையில் இருந்தார்கள், மன்னிக்கவும். இப்போது அது உறுப்பினர் பெயரையே சொல்கிறது.

முக்கியமானது நிலுவை. பழைய பதிவேட்டில் சந்தா கட்டியவர் பச்சையிலும் கட்டாதவர் சிவப்பிலும் இருப்பார்கள். சிவப்பைக் காதால் கேட்க முடியாது. அதனால் தம்பிக்கு எல்லோருமே கட்டியவர்கள்தான். சங்கத்தில் நம்மை இவ்வளவு நல்லவர்களாக நினைத்த ஒரே ஆள் அவர். சரி, இப்போது ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் 'கட்டியது' அல்லது 'நிலுவை' என்று எழுத்திலும் இருக்கிறது. நிறத்தையும் விடவில்லை, ஆனால் நிறத்தை மட்டும் நம்பவும் இல்லை.

ஒரு ஆளுக்காக இவ்வளவு செலவா என்று கேட்டார்கள். ஜனவரியில் பொருளாளர் கண்புரை அறுவை செய்துகொண்டு வந்தார். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். பழைய ஃபாரத்தை 125 சதவீதம் வைத்தபோது சேமி பட்டன் திரைக்கு வெளியே விழுந்தது, புதியதில் விழவில்லை. டாஸ் காலத்தில் ஃபாக்ஸ்ப்ரோவில் பில் போட்ட கணக்கப்பிள்ளைகள் விசைப்பலகையை விட்டுக் கை எடுத்ததே இல்லை. மவுஸைக் கொண்டுவந்து அவர்களைத் தடுமாற வைத்தது நாம். அதே போல ஷிப்டை ஐந்து முறை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' என்று ஒரு பெட்டி வருமே, அதைத் தொல்லை என்று கடை கடையாக நிறுத்தி வைத்தவர்கள் நாம்தான். ஒரு கையால் தட்டச்சு செய்பவருக்கு ஷிப்டையும் இன்னொரு விசையையும் ஒருசேர அழுத்துவது கடினம், ஒன்றன்பின் ஒன்றாகத் தட்ட விடும் அவருக்கான வாசல் அது. இது எனக்கும் இந்த ஆண்டுதான் உறைத்தது.

சட்டமும் நினைவில் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் வசதிகளை அணுகும் உரிமையை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவோடு சேர்த்துவிட்டது. வழக்கு வங்கிகள் வாடிக்கையாளர் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி பற்றியது, மஞ்சள் மண்டி பற்றியது அல்ல. ஆனாலும் நாளைக்கு ஒரு கல்லூரியோ கூட்டுறவுச் சங்கமோ டெண்டர் விடும்போது இதைக் கேட்டால், "எங்கள் சங்கத்தில் அதைப் பற்றிப் பேசினார்கள், நான் போகவில்லை" என்று எழுத முடியாது.

நவம்பரில் இதற்காகவே பயிலரங்கு நடத்தினோம். 64 உறுப்பினர்களில் 19 பேர் வருவதாகச் சொன்னார்கள். 19 பேருக்கும் சாப்பாடு சொன்னோம். வந்தவர்கள் ஆறு பேர். என்விடிஏவில் ஸ்கிரீன் கர்ட்டன், அதாவது திரைச்சீலை என்று ஒரு வசதி இருக்கிறது, போட்டால் திரை கறுத்துவிடும், குரல் மட்டும் வரும். அதைப் போட்டு, அவரவர் மென்பொருளில் அவரவரே ஒரு பில் போடச் சொன்னேன். பதினைந்து ஆண்டுகளாக அந்த ஃபாரத்தை விற்றுவரும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அரை மணி நேரம் போராடி, கடைசியில் 40 மீட்டர் துணிக்குப் பதிலாக 40 பில் அடித்துவிட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுவாரமே மூன்று ஃபாரங்களைத் திருத்தி, தம்பியிடம் கொண்டுவந்து காட்டினார். அவருக்குச் சங்கத்தின் நன்றி.

அதன்பின் 'மவுஸைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரம் வேலை பாருங்கள்' என்று சுற்றறிக்கை அனுப்பினேன். ஏழு பேர் சரி என்றார்கள், இருவர் செய்தார்கள். ஒருவர், தன்னுடையது வயர்லெஸ் மவுஸ் என்பதால் பிடுங்க முடியவில்லை என்று பதில் அனுப்பியிருந்தார். கோப்பில் வைத்திருக்கிறேன்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வரவேண்டியது வந்திருந்தால் பற்றாக்குறை இருந்திருக்காது. கிரிட் வாங்கிய தொகை செலவில் 'இதர' என்ற தலைப்பில் இருக்கிறது. அதை யாரும் தேடி அலைய வேண்டாம் என்பதற்காக நானே சொல்லிவிடுகிறேன். என் எட்டு மாத உழைப்புக்குச் சங்கத்தில் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. டீ செலவு தவிர.

கூட்டத்துக்கு இடம் கொடுத்த திருமண மண்டப உரிமையாளருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், தணிக்கை செய்த ஆடிட்டருக்கும், எட்டு மாதமும் "இன்னும் ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன் சார்" என்று நூற்றுக்கணக்கான குறைகளைப் பொறுமையாகச் சொன்ன தம்பிக்கும், வீட்டில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை இளைஞர் யாராவது ஏற்றால் மகிழ்ச்சி. யாரும் வராவிட்டால் நான் மறுக்கப்போவதில்லை, அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் விற்கும் மென்பொருளில் ஒரே ஒரு ஃபாரத்தை, அதிகம் புழங்கும் பில் ஃபாரத்தை மட்டும், விசைப்பலகையாலும் காதாலும் ஓடும்படி செய்து தர வேண்டும் என்று கேட்கிறேன். சோதித்துப் பார்க்கத் தம்பி தயார். அவருக்கு மணிக்கணக்கில் ஒரு சிறு ஊதியம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஓசியில் சோதித்துத் தரச் சொல்வதற்கு அவர் நம் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொள்வது போதாது. அந்தத் தொகை சந்தாவிலிருந்துதான் வர வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் சாப்பாட்டுக்குப் போகும் வழியில், வாசலருகே மேசை போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். பெயரைச் சொன்னால் போதும், பதிவேடு நிலையைச் சொல்லும், ரசீதும் உடனே கிடைக்கும். ஹெட்போன் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மறந்துவிட்டாராம். அதனால் வள்ளுவர் ஸ்பீக்கரில்தான் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்