இரண்டு மணி நேரத்தில் வராத கரடி: காதலர் தினக் குரோஷே பெட்டி பற்றிய புகார்

நாகர்கோவில்
20.02.2025

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: ஜனவரி 28 அன்று வாங்கிய காதலர் தினக் குரோஷே பெட்டியில் செய்முறைத் தாள் பிழை, நூல் வகை மாறியது, எடை குறைவு – பணத்தைத் திருப்பித் தரவும் தாளைத் திருத்தவும் கோருவது.

ஐயா / அம்மையீர்,

உங்கள் தளத்தில் 1,499 ரூபாய் கட்டி ஒரு பெட்டி வாங்கினேன். குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னி, இதயத் தோரணம், கரடி பொம்மை, டம்ளர் விரிப்பு ஆகியவற்றைச் செய்வதற்கான பெட்டி அது. ‘மிக எளிது, இரண்டே மணி நேரம், முன் அனுபவம் தேவையில்லை’ என்று அதன் மேல் மூன்று வரி போட்டிருக்கிறீர்கள். எனக்கு வயது 59. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஊசி பிடித்த அனுபவம் சட்டைப் பித்தான் தைத்த அளவுக்குத்தான். அந்த மூன்றாவது வரி என்னை நோக்கியே எழுதப்பட்டது என்று நம்பித்தான் வாங்கினேன்.

யாருக்காக என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. என் மனைவிக்கு குரோஷே கைவந்த கலை. எங்கள் வீட்டில் டிவிக்கு, சோபாவுக்கு, ஒரு காலத்தில் டெலிபோனுக்குக்கூட அவள் பின்னிய உறை உண்டு. முப்பது வருஷமாக அவள் கையால் பின்னியதையே நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு தடவை நான் பின்னிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அவளிடமே கற்றுக்கொள்ள முடியாதல்லவா. அதனால் பெட்டியை அலுவலக முகவரிக்கு வரவழைத்தேன்.

பிப்ரவரி 5க்குள் வரும் என்றீர்கள், 11ஆம் தேதி மதியம் வந்தது. அதைப் பெரிதுபடுத்தப் போவதில்லை. ‘4 மி.மீ. ஊசி’ என்று பெட்டி சொல்ல, உள்ளே இருந்த ஊசியில் 2.5 என்று பொறித்திருந்தது. உங்கள் நூலின் தடிமனுக்கு அந்தக் கொக்கியின் வாய் போதவில்லை. பாதி இழையைப் பிடித்து மீதியை விட்டுவிட்டது. மீனாட்சிபுரத்தில் ஒரு நூல் கடையில் 60 ரூபாய்க்கு 4 மி.மீ. ஊசி வாங்கிக்கொண்டேன். அதையும் விட்டுவிடுகிறேன். என் புகார் இவற்றைப் பற்றியது அல்ல.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். உங்கள் இதயத் தோரணம் உண்மையிலேயே எளிது. மேஜிக் ரிங் என்ற நூல் வளையம் போட்டு, அதற்குள் மூன்று ட்ரெபிள், மூன்று டபுள், ஒரு செயின் (எல்லாம் தையல் வகைகளின் பெயர்), நடுவில் ஒரு ட்ரெபிள், பிறகு அதே கணக்கைத் திருப்பிப் போட்டு, ஸ்லிப் ஸ்டிச்சில் முடித்து, வளையத்தை இழுத்துச் சுருக்கினால் கையில் ஒரு சின்ன இதயம். முதல் இரண்டு முயற்சியில் வெற்றிலை மாதிரி ஒன்றும், என்னவென்று சொல்ல முடியாத ஒன்றும் வந்தன. மூன்றாவது சரியாக வந்தது. பிறகு ஒன்றுக்குப் பத்து நிமிடம்தான். 12ஆம் தேதி மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஆறு இதயம் முடித்தேன். பக்கத்து மேசைக்காரர் ஒன்றைக் கேட்டு வாங்கித் தன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டார்.

பெட்டியோடு வந்த தையல் அட்டையைப் பார்த்துத்தான் இதையெல்லாம் செய்தேன். சிங்கிள் என்றால் ஊசியை நேரே நுழைத்து நூலை இழுக்க வேண்டும், டபுள் என்றால் நுழைக்கும் முன்னே ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றிக்கொள்ள வேண்டும் என்று அட்டையில் படத்தோடு இருந்தது. இதயம் ஒழுங்காக வந்ததால் அந்த அட்டையை முழுக்க நம்பினேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

13ஆம் தேதி இரவு, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மொட்டைமாடியில் உட்கார்ந்து கரடியைத் தொடங்கினேன். தாளில் ‘வளையத்துக்குள் 6 டபுள்’ என்றிருந்தது. போட்டேன். அடுத்த சுற்று 12, அதற்கடுத்து 18, 24, 30, 36. எல்லாமே டபுள். எண்ணிக்கையில் ஒன்றுகூடப் பிசகவில்லை, கணக்குப் பார்க்கிற வேலையில் இருக்கிறவன் நான். தலை உருண்டையாக வர வேண்டும். அது கூம்பாக மேலே ஏறிக்கொண்டே போனது. தையலுக்குத் தையல் விரல் நுழைகிற இடைவெளி. பஞ்சை அடைத்தபோது அது ஓட்டை வழியே எட்டிப் பார்த்தது. உடம்பில் பாதி போவதற்குள் பழுப்பு நூல் தீர்ந்துவிட்டது. மணி ஒன்றே முக்கால்.

14ஆம் தேதி காலை ஆறு இதயத்தையும் பாதிக் கரடியையும் மேசையில் வைத்தேன். (சாவிக்கொத்துக்குப் போனதற்குப் பதிலாக இன்னொன்று பின்னியிருந்தேன்.) அவள் கரடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, பனங்கிழங்கா?” என்று கேட்டாள்.

அப்புறம் தாளை வாங்கிப் படித்தாள். அரை நிமிடம் ஆகியிருக்காது. “உங்க மேல தப்பில்லை. இதயம் அமெரிக்கக் கணக்கு, கரடி இங்கிலீஷ் கணக்கு. ரெண்டையும் ஒரே தாள்ல போட்டு வச்சிருக்காங்க” என்றாள்.

உங்கள் அலுவலகத்தில் இதை அறிந்தவர்கள் இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஆனால் அப்படி யாரும் தாளைப் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை என்பதால் எழுதுகிறேன். குரோஷேவில் ஒரே பெயர் இரண்டு நாட்டில் இரண்டு தையலைக் குறிக்கிறது. அமெரிக்காவில் சிங்கிள் என்பதை பிரிட்டனில் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள் பிரிட்டனில் ட்ரெபிள். பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் என்ற தையல் பெயரே வழக்கத்தில் இல்லை. என் மனைவி கண்டுபிடித்ததும் இதை வைத்துத்தான்: கரடிப் பக்கம் முழுக்கத் தேடியும் சிங்கிள் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் தையல் வகுப்பில் அவள் கற்றது இங்கிலீஷ் முறை. அதனால் அவளுக்கு அது உடனே பட்டது. எனக்குப் பட வழியில்லை, ஏனென்றால் எனக்குத் தெரிந்த ஒரே குரோஷே உங்கள் அட்டை சொல்லிக்கொடுத்தது.

இந்தப் பெயர்க் குழப்பத்தால் பொம்மை எப்படிக் கெடும் என்று அவள் பின்னியே காட்டினாள். குட்டைத் தையல் (அமெரிக்க சிங்கிள், கரடிக்கு வேண்டியது) என்றால் ஆறில் தொடங்கி, சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் வட்டம் தட்டையாக விரியும். கூட்டுவதை நிறுத்தியதும் கிண்ணம்போல் குவிந்து உருண்டை ஆகும். உயரத் தையலுக்கு (அமெரிக்க டபுள், நான் போட்டது) ஆறு போதாது. பன்னிரண்டில் தொடங்கி, பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டினால்தான் விரியும். ஆறு ஆறாகவே கூட்டினால் விரிய இடமில்லாமல் கூம்பாகத்தான் ஏறும். ஆக, உங்கள் தாளை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுகிறவனுக்குப் பனங்கிழங்குதான் கிடைக்கும். அரைகுறையாகப் பின்பற்றுகிறவன் ஒருவேளை தப்பித்திருப்பான்.

சரி, தையலைச் சரியாகவே போட்டாலும் இரண்டு மணி நேரத்தில் முடியுமா? கூட்டிப் பார்த்தேன். தலைக்கு மட்டும் 432 தையல். உடம்புக்கு 312. கை, கால், காது எல்லாம் சேர்த்தால் ஆயிரத்தைத் தொடுகிறது. புதிதாகக் கற்கிற என் வேகம் நிமிடத்துக்கு ஆறு. தவறே செய்யாமல், எழுந்திருக்காமல், எண்ணிக்கையை மறக்காமல் பின்னினால்கூட இரண்டே முக்கால் மணி நேரம். அதன் பிறகு உறுப்புகளை உடம்போடு தைக்க வேண்டும், முகம் வைக்க வேண்டும். என் மனைவி இரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பாள். அவளுக்கு உங்கள் பெட்டி எதற்கு? ‘எளிது’ என்று நீங்கள் அச்சடித்த பொருள் ஒருவனுக்கு வராமல் போனால், அவன் தாளைச் சந்தேகிக்க மாட்டான், தன் கையைத்தான் சந்தேகிப்பான். நள்ளிரவில் மொட்டைமாடியில் நானும் அதைத்தான் செய்தேன்.

அடுத்தது நூல். லேபிளில் ‘100 சதவீதம் பருத்தி’ என்று இருக்கிறது. எங்கள் ஊருக்கு நூல் வேலை புதிதல்ல. இருநூறு வருஷத்துக்கு முன்பே மிஷனரி மனைவியான மார்த்தா மால்ட் இங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது தலையணையில் குண்டூசி குத்தி, சின்ன மரக்கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னுவது, குரோஷே வேறு. ஆனாலும் நூலைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிறவர்கள் இங்கே வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். என் மனைவி உங்கள் சிவப்பு நூலில் ஒரு விரல் நீளம் வெட்டித் தீக்குச்சியில் காட்டினாள். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டால் உதிரும். இது சுருங்கி உருகி, கறுப்பாக, கடுகு மாதிரி கெட்டியாக நின்றது. பிளாஸ்டிக் நாற்றம். அக்ரிலிக் என்றாள். அக்ரிலிக் ஒன்றும் மட்டமில்லை, தோரணத்துக்கும் பொம்மைக்கும் அது போதும். ஆனால் அதே நூலில் டம்ளர் வைக்கிற விரிப்பும் பின்னச் சொல்லியிருக்கிறீர்கள். பருத்தி ஈரத்தை உறிஞ்சும். இதில் வைத்த குளிர்ந்த நீர் டம்ளரின் ஈரம் அப்படியே வழிந்து மேசைக்கு வந்துவிட்டது.

எடைக்கு வருகிறேன். உருண்டை ஒன்றுக்கு 50 கிராம் என்பது லேபிள். தொடாமல் வைத்திருந்த வெள்ளை உருண்டையைக் கோட்டாறில் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தேன். 41 கிராம். பழுப்பு நூல் தீர்ந்துபோனதை முழுக்க இதன் தலையில் கட்ட மாட்டேன். உயரத் தையல் கூடுதலாக நூல் தின்னும், அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த உயரத் தையலைப் போடச் சொன்னதும் உங்கள் தாள்தான். பொட்டலப் பொருளில் நிகர எடை சரியாக இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளில் உள்ளது. நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

15ஆம் தேதி இதையெல்லாம் சுருக்கி மின்னஞ்சல் அனுப்பினேன். இன்றுவரை பெற்றுக்கொண்டோம் என்ற ஒரு வரிகூட இல்லை. 17, 18 தேதிகளில் தொலைபேசியில் பேசினேன். முதல் நாள் பேசியவர், தாளில் உள்ள கட்டத்தை ஸ்கேன் செய்து வீடியோ பாருங்கள் சார் என்றார். அந்த வீடியோவில் வருவது முயல். இரண்டாம் நாள் பேசியவர், பெட்டியைத் திறந்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார். திறக்காமல் பின்னுவது எப்படி என்று கேட்டேன். பதில் இல்லை. கடைசியில், “இந்தியாவில் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை” என்றார்.

கேட்கக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதை மட்டும் அவருக்குச் சொல்லுங்கள். 2016 ஜனவரியில் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுவினர் 11,148 சதுர மீட்டருக்கு மேல் ஒரு குரோஷே போர்வையை இணைத்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அவர்கள் யாரும் உங்கள் ‘முன் அனுபவம் தேவையில்லை’ பெட்டியை வாங்கியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். வாங்குகிறவர்கள் என்னைப் போன்றவர்கள். எங்களுக்கு எது தவறு என்று கேட்கக்கூடத் தெரியாது.

நான் கேட்பது இவை. பெட்டியின் விலை 1,499 ரூபாயும் ஊசிக்குக் கொடுத்த 60 ரூபாயும் திரும்ப வேண்டும். செய்முறைத் தாளை ஒரே முறையில் திருத்தி அச்சிட வேண்டும். அமெரிக்க முறையா, பிரிட்டிஷ் முறையா என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் திருத்தத்தை அனுப்புங்கள், அவர்கள் முகவரி உங்களிடம் இருக்கிறது. அக்ரிலிக்கை அக்ரிலிக் என்றே எழுதுங்கள். ‘இரண்டே மணி நேரம்’ என்பதை இதயத் தோரணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு அது பொருந்தும்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் குறைதீர் அலுவலரின் பொறுப்பு. முதல் கெடு முடிந்துவிட்டது. மார்ச் 15க்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன், தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். ஓய்வுபெற ஒரு வருஷம்தான் இருக்கிறது, எனக்கு நேரம் கிடைக்கும்.

பணம் வாங்கிய ரசீதின் நகல், தாளின் இரண்டு பக்கங்கள், லேபிள், தராசில் எடுத்த படம், எரித்த நூல் ஒட்டிய அட்டை ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். ‘குறையுள்ள பொருளை’ நேரில் அனுப்ப வேண்டும் என்று உங்கள் விதியில் இருக்கிறது. மீதி நூல், ஊசி, பெட்டி எல்லாம் அனுப்பத் தயார். கரடியின் புகைப்படம் மட்டும்தான் அனுப்ப முடியும். அதை என் மனைவி டிவி உறையின் மேல் வைத்துவிட்டாள், எடுக்க விடமாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்