2024–25 கல்வியாண்டு நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியை கடிதம்

17 ஏப்ரல் 2025, பெரிய வியாழன்

அன்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

வெயிலின் கடுமையை முன்னிட்டு இவ்வாண்டு தொடக்க வகுப்புகளுக்கான ஆண்டிறுதித் தேர்வுகள் முன்னதாகவே நடத்தப்பட்டு, இன்றுடன் நிறைவடைகின்றன. நாளை பெரிய வெள்ளி. இனி ஜூன் 2 அன்றுதான் பள்ளி திறக்கும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் நேற்று முன்தினம் தொடங்கிவிட்டதால், தந்தையர் பலர் கரையில் இருக்கும் நேரத்தில் இக்கடிதம் உங்கள் வீட்டுக்கு வருகிறது. பள்ளியிலிருந்து போகும் தாள்களைத் தாய்மார்களும் பாட்டிமார்களுமே வாங்கிப் படிப்பது இதுவரை வழக்கமாக இருந்தது. இம்முறை தந்தையரும் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று எண்ணியே சற்று விரிவாக எழுதுகிறேன்.

இவ்வாண்டில் நம் பள்ளியின் அன்றாடத்தை மிகவும் மாற்றியது காலை உணவு. கடந்த ஜூலை 15 அன்று, காமராசர் பிறந்தநாளில், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதிகளில் உள்ள, நம் பள்ளி போன்ற அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடந்துவந்த திட்டம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இல்லை என்று பெற்றோர் கூட்டங்களில் நீங்கள் கேட்டபோதெல்லாம் எங்களிடம் பதில் இல்லை. தாய் விடியுமுன் ஏலக்கூடத்துக்கோ சந்தைக்கோ புறப்பட்டுவிடும் வீடுகளில், பிள்ளை ஒரு தேநீரும் பன்னுமாகப் பள்ளிக்கு வருவது நம் ஊரில் குறையாகக்கூடக் கருதப்படாமல் இருந்தது. இப்போது சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைத்துப் பரிமாற, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கிறார்கள். திருவிழா அசனம் என்னும் பொது விருந்துக்கு அண்டா கணக்கில் சமைத்துப் பழகிய கைகள் என்பதால் சுவையைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. புதன்கிழமைப் பொங்கலுக்காகவே காய்ச்சலோடு பள்ளிக்கு வந்த ஒரு சிறுவனை நாங்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இதன் பயனை உணவுத் தட்டில் கண்டதைவிட வருகைப்பதிவேட்டில்தான் அதிகம் கண்டோம். தாமதமாக வருவோர் குறைந்தனர். முதல் பாடவேளையில் தலை சாய்த்துத் தூங்குவோர் ஏறக்குறைய இல்லை.

அடுத்தது வாசிப்பு. அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, அவரவர் நிலைக்கேற்ற பயிற்சி நூலில் கற்கிறார்கள். நான்காம் வகுப்பில் படிக்கும் தம் மகன் அரும்பு நிலையில் இருக்கிறான் என்று அறிந்த தந்தை ஒருவர் வருத்தத்துடன் என்னைப் பார்க்க வந்தார். அவருக்குச் சொன்னதையே உங்கள் அனைவருக்கும் சொல்கிறேன். அது தண்டனையும் அன்று, பிள்ளையின் மேல் குத்தப்பட்ட முத்திரையும் அன்று. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையின் கையில் நான்காம் வகுப்புப் பாடநூலைக் கொடுத்துவிட்டு, அவன் படித்துவிட்டதாக நாம் எல்லோரும் பாவனை செய்வதுதான் அவனுக்குச் செய்யும் தீங்கு. அந்தச் சிறுவன் இந்தப் பருவத்தில் மொட்டு நிலைக்கு வந்துவிட்டான். விடுமுறையில் வாசிப்பு நின்றுபோனால் ஜூனில் மீண்டும் அரும்பிலிருந்தே தொடங்க நேரிடும்.

ஆகவே தந்தையருக்கு ஒரு வேண்டுகோள். தடைக்காலம் 61 நாள், ஜூன் 14 வரை உள்ளது. வலை பழுதுபார்த்தல், படகுக்குச் சாயம் பூசுதல், வெளியூர் வேலை என்று உங்களுக்கும் அலுவல்கள் உண்டு. வருமானம் குறையும் காலம் என்பதும் எனக்குத் தெரியும். இருப்பினும் மாலையில் கால்மணி நேரம் பிள்ளையை அருகில் உட்காரவைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கே வாசிப்பு சரளமாக வராது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளை வாசிக்க நீங்கள் கேட்டாலே போதும். படகின் பெயர், பதிவு எண், மீன் ஏலத்தின் கணக்கு என எழுத்தும் எண்ணும் உங்கள் தொழிலிலேயே நிறைய இருக்கின்றன. வகுப்பறையின் வாசிப்பு மூலையில் உள்ள கதைப் புத்தகங்களை விடுமுறைக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் அனுமதித்திருக்கிறோம். கிழிந்து திரும்பினாலும் பரவாயில்லை, திறக்கப்படாமல் திரும்ப வேண்டாம்.

பள்ளியின் சமய வாழ்வைப் பற்றியும் சில சொற்கள். தவக்காலத்தில் பிள்ளைகள் மண் உண்டியல்களில் சேர்த்த காசு, மருத்துவச் செலவால் தவித்த நம் ஊர்க் குடும்பம் ஒன்றுக்குப் பங்குத்தந்தை வழியாகப் போய்ச் சேர்ந்தது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்பது பிள்ளைகளே எடுத்த முடிவு. பிப்ரவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது முதல், மார்ச் 23 அன்று அவர் இல்லம் திரும்பியது வரை, காலை வழிபாட்டில் அவருக்காகவும் ஊரில் நோயுற்றிருந்தோருக்காகவும் மன்றாடினோம். கடந்த குருத்தோலை ஞாயிறன்று அவர் புனித பேதுரு சதுக்கத்துக்கு வந்ததைக் கைப்பேசியில் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு செவ்வாயன்று பல பிள்ளைகள் வந்தார்கள். புதுநன்மை (முதல் நற்கருணை) பெறவிருக்கும் பிள்ளைகளுக்கான மே மாத வகுப்புகளின் நேரத்தை அருட்சகோதரிகள் கோவிலில் அறிவிப்பார்கள். பிற சமயப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நேரத்தில் வழக்கம்போல நன்னெறி வகுப்பு நடந்தது. அவர்களுடைய பெற்றோரும் ஆண்டுவிழா மேடையைக் கட்டுவதிலிருந்து நாற்காலி அடுக்குவது வரை கூடவே நின்றார்கள் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன். 1542-இல் இக்கடற்கரைக்கு வந்த புனித சவேரியார் கைமணி அடித்துச் சிறுவர்களைத் தெருவில் கூட்டிக் கற்பித்தார் என்ற வரலாற்றை நம் ஊரில் அறியாதவர் இல்லை. முத்துக்குளித்துறை எனப்படும் இக்கடற்கரையில் பள்ளியும் கோவிலும் ஒரே வளாகத்தில் அமைந்திருப்பது இடவசதிக்காக மட்டும் அன்று.

ஆசிரியர்களின் ஊதியத்தை அரசு வழங்குகிறது. கட்டடப் பராமரிப்போ நிர்வாகத்தின் பொறுப்பு. வடபுற வகுப்பறையின் ஒழுகும் கூரையை மழைக்கு முன்பே சரிசெய்ய முடிந்ததென்றால், மீன் ஏலத்தில் கோவிலுக்கென நீங்கள் ஒதுக்கும் பங்கிலிருந்து ஒரு பகுதியைத் தாளாளர் பள்ளிக்குத் திருப்பியதே காரணம். கழிப்பறைக் கதவுகள் இன்னும் மாற்றப்படவில்லை. தச்சுவேலை தெரிந்த தந்தையர் தடைக்காலத்தில் இரண்டு நாள் ஒதுக்கினால் அந்த வேலையும் முடியும்.

எனக்கு உள்ளபடியே கவலை தருவது மாணவர் எண்ணிக்கை. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்; 61 முதல் 90 வரை மூவர். நம் பள்ளி அந்த எல்லையில்தான் நிற்கிறது. ஆகஸ்ட் 1 அன்றுள்ள எண்ணிக்கையைக் கொண்டே பணியிடங்கள் கணக்கிடப்படுகின்றன என்பதால், அதற்குமுன் சில பிள்ளைகள் விலகினாலே ஓர் ஆசிரியரை இழப்போம். பிறகு ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்க வேண்டிவரும். காலையில் தெருமுனையில் வந்து நிற்கும் தனியார் பள்ளி வேன் வசதியானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கட்டணத்துக்காகக் கடன் வாங்கி, தடைக்காலத்தில் அதைக் கட்ட முடியாமல், ஆண்டின் நடுவே பிள்ளையை இங்கே திரும்பக் கொண்டுவந்து சேர்த்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வயது நிறையும் பிள்ளைகள் உள்ளவர்கள் பிறப்புச் சான்றிதழுடனும் ஆதார் நகலுடனும் மே மாதத்திலேயே அலுவலகத்துக்கு வரலாம். காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நானோ உதவி ஆசிரியரோ இருப்போம்.

ஐந்தாம் வகுப்பு முடித்தோரின் பெற்றோர் பலர், ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்று கேட்கிறீர்கள். முடிவு உங்களுடையது. புதுமைப் பெண் திட்டம் கடந்த டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அவ்வாறு படித்தால் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் அவ்வாறே. ஆனால் மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் உதவிபெறும் பள்ளிகள் சேரவில்லை. அது அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உரியது. இதை மறைத்துவிட்டு நம் நிர்வாகத்தின் உயர்நிலைப் பள்ளிக்கே வாருங்கள் என்று சொல்வது எனக்கு முறையாகப் படவில்லை. எங்கே சேர்த்தாலும் சரி, பெண்பிள்ளைகளை ஐந்தாம் வகுப்போடு வீட்டுப் பொறுப்புக்கென நிறுத்திவிட வேண்டாம்.

மாற்றுச் சான்றிதழ்கள் மே முதல் வாரத்திலிருந்து வழங்கப்படும். அவற்றைப் பெற வரும்போது பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் ஆகியவை ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று நீங்களே சரிபார்த்துக் கையொப்பமிடுங்கள். பின்னாளில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் அலைய வேண்டியிருக்கும். புதிய பாடநூல்களும் குறிப்பேடுகளும் பள்ளி திறந்ததும் விலையின்றி வழங்கப்படும் என்பதால் கடையில் வாங்க வேண்டாம். விடுமுறையில் பிள்ளைகளைத் துணையின்றிக் கடலில் குளிக்க அனுப்பாதீர்கள். நீந்தத் தெரிந்த பிள்ளை என்பது காரணமாகாது.

அனைவருக்கும் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். ஜூன் 2 காலை வழக்கம்போல உணவு தயாராக இருக்கும். பிள்ளைகளை நேரத்தோடு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை