எண்ணெய் விட்டால் குழல் சுத்தமாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இங்கே டெக்சாஸில் உட்கார்ந்து இணையப் பதிப்பில் படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள், ஒரு பத்தியைத் தவிர. சுட்டு முடித்ததும் குழலுக்குள் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுத் துணியால் இழுத்துவிட்டால் போதும், துரு வராது என்று அதில் இருந்தது. ரைஃபிள் வைத்திருப்பவர் யாராவது அதை நம்பிச் செய்தால் குழல் பாழாகிவிடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும், நாளானால் பிசுபிசுப்பாகி அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சரி, அதை விட்டுவிட்டு நல்ல துப்பாக்கி எண்ணெயே போட்டாலும், உள்ளே இருக்கும் அழுக்கின் மேல் போர்வை போர்த்திய கதைதான். குழலுக்குள் படிவது ஒரே வகை அழுக்கு இல்லை, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஊரில் நாட்டுத்துப்பாக்கி வைத்திருந்த பெரியவர்கள் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது சரியான முறை. கருமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்தது; எரிந்த பிறகு அதில் பாதிக்கு மேல் புகையாகவும் சாம்பலாகவும் திடப்பொருளாகத்தான் மிஞ்சும். அந்தச் சாம்பல் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும், ஆனால் தண்ணீரில் கரைந்துவிடும். பின்னால் வந்த புகையில்லா வெடிமருந்தின் கதை அப்படியில்லை. 1884-இல் பிரான்சில் வியேய் என்ற வேதியியலாளர் அதை உருவாக்கியதிலிருந்து குழலில் சாம்பல் பெருமளவு குறைந்துவிட்டது, மிஞ்சுவது பெரும்பாலும் கரி. இந்தக் கரி தண்ணீருக்கு அசையாது, அதற்கென்று இருக்கும் கரைப்பானும் பித்தளைக் கம்பி பிரஷும் வேண்டும்.

இடையில் ஒரு காலம், மருந்து புகையில்லாததாக இருந்தும் பிரைமர், அதாவது தோட்டாவின் அடியில் இருந்து மருந்துக்குத் தீ மூட்டும் சிறு மூடி, மட்டும் பழைய பொட்டாசியம் குளோரேட்டிலேயே இருந்தது. அது எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு, நம் சாப்பாட்டு உப்புக்குப் பங்காளி. எவ்வளவு எண்ணெய் விட்டாலும் உப்பு கரையாது, எண்ணெய்க்கு அடியிலேயே இருந்து துருவைக் கிளப்பும். பிரிட்டிஷ் சிப்பாய்கள் தங்கள் .303 ரைஃபிளின் குழலில் புனல் வைத்துக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றியது இதற்காகத்தான். அமெரிக்க ராணுவத்தின் இரண்டாம் உலகப்போர் கால .30-06 ரக ரைஃபிள் தோட்டாக்களிலும் பெரும்பாலும் இதே பிரைமர். அவர்களுடைய எம்1 கார்பைன் என்ற சிறிய ரைஃபிளின் தோட்டாவுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே அரிக்காத பிரைமர் வைத்தார்கள், ஏனென்றால் சுடும்போது வாயு தள்ளி இயக்கும் அதன் பிஸ்டனைக் களத்தில் கழற்றித் துடைக்க வழியில்லை. இன்றும் பழைய சோவியத் தோட்டாவை வாங்கிச் சுடுபவர்கள் தண்ணீர் ஊற்றித்தான் ஆகவேண்டும்.

இங்கே நிறையப் பேர் தங்கள் சொந்த உபயோகத்துக்குத் தோட்டாவை வீட்டிலேயே அடைத்துக்கொள்கிறார்கள், நானும்தான். இங்கே அது சட்டப்படி சரி. இந்தியாவில் உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம், அதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய பிரைமரில் அந்த உப்பு கிடையாது, அதனால் எங்கள் தலைவலி கரியும், குண்டின் மேலுறையிலிருந்து ஒட்டும் செம்பும்தான். கரியைப் பொறுத்தவரை, கடைத் தோட்டாவைவிட வீட்டில் அடைத்தது சில சமயம் அதிகமாக அழுக்காக்கும். காரணம் மருந்து மோசம் என்பதில்லை, அது எரியத் தேவையான அழுத்தம் கிடைக்காததுதான். மெதுவாக எரியும் மருந்தை எடை குறைந்த குண்டுக்குப் பின்னால் குறைவாக அடைத்தால், அதிலும் உருண்டை மணி மருந்தாக இருந்தால், பாதி எரிந்த மஞ்சள் பழுப்பு மணிகள் குழலிலும், அதன் பின்பக்கத்தைப் பூட்டும் போல்ட்டின் பல்லிடுக்கிலும் கிடக்கும், விரலால் தொட்டால் மணல் மாதிரி நெருடும். வெளியே வந்த காலிக் கூட்டின் கழுத்தில் கரி வழிந்திருக்கும். அழுத்தம் போதாமல் பித்தளைக் கூடு விரிந்து, தோட்டா உட்காரும் அறையின் சுவரை அடைக்கவில்லை, வாயு பின்னால் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்காக மருந்தைக் கண்டபடி கூட்டக் கூடாது, மருந்துக் கம்பெனி வெளியிடும் அளவுப் பட்டியலைத் திறந்து அந்தக் குண்டுக்கு ஏற்ற வேறு மருந்து இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை.

மருந்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம் போரைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. எம்16 ரைஃபிளைக் குச்சி வடிவ மருந்தை வைத்து வடிவமைத்துச் சோதித்தார்கள், 1964 வாக்கில் அமெரிக்க ராணுவம் உருண்டை மணி மருந்துக்கு மாறியது. அதில் அமிலத்தை முறிக்கச் சேர்த்திருந்த கால்சியம் கார்பனேட் வாயுக் குழாயில் படிந்தது, சுடும் வேகமும் ஏறியது. போதாக்குறைக்கு இந்தத் துப்பாக்கிக்குச் சுத்தமே அதிகம் தேவையில்லை என்ற பேச்சு வேறு, சுத்தம் செய்யும் சாமானும் பலருக்குக் கொடுக்கப்படவில்லை. சண்டைக்கு நடுவே காலிக் கூடு அறையில் சிக்கி, அதைக் குத்தி வெளியே தள்ளத் துப்புரவுக் கம்பியைத் தேடியபடி இறந்தவர்கள் உண்டு. இக்கார்டு என்ற உறுப்பினர் தலைமையிலான அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு 1967 அக்டோபரில் கொடுத்த அறிக்கை, மருந்து மாற்றத்தைக் கடுமையாகவே சாடியது. அப்புறம்தான் அறைக்குக் குரோமியப் பூச்சு, எல்லோருக்கும் துப்புரவுச் சாமான், மருந்தில் கார்பனேட் குறைப்பு எல்லாம் வந்தன. சிப்பாய் சோம்பேறி என்று கதை கட்டுகிறவர்கள் இந்த அறிக்கையைப் படித்துவிட்டுப் பேசலாம்.

செம்புக்கு வருகிறேன். குண்டின் மேலுறை, அதைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் வரிகளில் உரசி மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும், வாய்ப்பக்கம் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் வரி மேடுகளில் செந்நிறமாக மினுக்கும். இதற்கு அம்மோனியா கலந்த கரைப்பான் உண்டு. நனைத்த துணியை விட்டுச் சில நிமிடம் கழித்துக் காய்ந்த துணியைத் தள்ளினால் நீலமாக வெளியே வரும், நீலம் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். ஒரு வேடிக்கை, துணியைத் தாங்கும் கம்பிமுனை பித்தளையாக இருந்தால் அதுவே கரைந்து நீலம் காட்டும், ஆளை விடிய விடியத் துடைக்கவைக்கும். கரைப்பானைக் குழலில் ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தோடு நிறுத்துங்கள். வரிசையும் முக்கியம். கரியை எடுக்காமல் செம்புக்குப் போனால் கரிப் படலத்துக்கு அடியில் இருக்கும் செம்பைக் கரைப்பான் தொடவே தொடாது, துணி வெள்ளையாக வரும், நாமும் சுத்தமாகிவிட்டது என்று மூடிவைத்துவிடுவோம்.

கம்பியை முடிந்தவரை பின்பக்கத்திலிருந்து, வழிகாட்டிக் குழாய் ஒன்றைப் பொருத்தி விடவேண்டும். வாய்ப்பக்கமிருந்து குத்தினால் குண்டு கடைசியாகத் தொட்டு விலகும் விளிம்பு தேயும், பிறகு குறி தப்பும். உண்மையில் அதிகமாகச் சுடுவதால் கெட்ட குழல்களுக்குக் குறைவில்லாமல், அக்கறையாக மோசமாகத் துடைத்தே கெட்ட குழல்களும் இருக்கின்றன. அதனால்தான் குறி கெடும்வரை செம்பைத் தொடவே மாட்டேன் என்று இங்கே பலர் இருக்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. செம்பை விட்டுவைக்கலாம், அறைக்கு முன்னால் வளையமாகக் கெட்டிப்படும் கரியை விட்டுவைக்கக் கூடாது, அது அழுத்தத்தையே ஏற்றிவிடும்.

எண்ணெய் கடைசியில்தான், அதுவும் மெல்லிய பூச்சாக. அடுத்த முறை சுடுவதற்கு முன் காய்ந்த துணியால் அதையும் எடுத்துவிட வேண்டும். இதெல்லாம் தொடங்குவதற்கு முன் துப்பாக்கி காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள், துடைக்கும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. பிரைமரிலிருந்து வரும் ஈயம் அந்தக் கறுப்புத் துணியில் இருக்கிறது, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. துணியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள்.

கட்டுரையாளர்மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் ஒரு சிறு திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
பழைய வாசகன் ஒருவன்,
டெக்சாஸ், அமெரிக்கா