மரத்தில் கட்டினால் அரண்மனை ஆகாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான பெங்களூரு சுற்றுலாக் கட்டுரையில், அங்குள்ள திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனை "மரக் கட்டடம்தான், நேரம் மிஞ்சினால் எட்டிப் பார்க்கலாம்" என்று ஒரே வரியில் முடிக்கப்பட்டிருந்தது. அடுத்த பத்தி முழுவதும் மைசூர் அரண்மனையின் விளக்கு அலங்காரத்துக்குத் தரப்பட்டிருந்தது. காவேரிப்பட்டினத்தில் தலைமுறைகளாகத் தச்சு வேலை செய்துவரும் குடும்பத்தில் பிறந்த என்னால் அந்த வரியைக் கடந்துபோக முடியவில்லை.

அந்த அரண்மனை 1781-இல் ஐதர் அலியால் தொடங்கப்பட்டு, 1791-இல் திப்புவின் காலத்தில் முடிந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. தேக்குத் தூண்கள் ஒவ்வொன்றும் கல் பீடத்தின் மேல் நிற்கின்றன. முன்புறத் தூண்கள் இரண்டு தளங்களின் உயரத்துக்கு எழுகின்றன. அவற்றை இணைக்கும் வளைவுகளில் இதழ் இதழாகச் செதுக்கியிருக்கிறார்கள். மேல்தளத்தில் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள மாடங்களிலிருந்துதான் திப்பு தர்பார் நடத்தினார். கல் பீடம் அழகுக்காக மட்டும் வைத்ததன்று. எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் தரைக்குள் புதைத்து நட்ட தூண்களின் அடி கரையான் தின்று பொடியாகியிருந்ததையும், அதே வீட்டுத் திண்ணையில் கல்லின் மேல் நிறுத்திய தூண் உளி இறங்காத உறுதியோடு இருந்ததையும் நானே கழற்றிப் பார்த்திருக்கிறேன். அத்தனை உயரமான மரத்தை விரிசல் இல்லாமல் தேர்ந்து, ஈரம் வற்றும்வரை காயவைத்து, தூக்கு பிசகாமல் நிறுத்துவது என்ன வேலை என்பதை ஒரு தச்சரிடம் கேட்டிருந்தால் கட்டுரையாளருக்குச் சொல்லியிருப்பார்.

திப்பு மறைந்த பிறகு ஆங்கிலேயர்கள் 1868 வரை அந்த மரக் கட்டடத்தில்தான் தங்கள் அரசுச் செயலகத்தை நடத்தினார்கள். கட்டுரை வியந்து பாராட்டும் மைசூர் அரண்மனையோ, 1897-இல் ஒரு திருமணத்தின்போது தீப்பிடித்து எரிந்த பழைய மர அரண்மனைக்கு மாற்றாக, ஹென்றி இர்வின் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்து 1912-இல் முடிந்தது. அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அதைவிட நூறாண்டுக்கும் மேல் மூத்த கட்டடம் எட்டிப் பார்க்க மட்டுமே தகுதியுடையது என்றால், மர வேலைப்பாட்டுக்குப் பேர்போன ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் அரண்மனையையும் பத்மநாபபுரம் அரண்மனையையும் எந்தக் கணக்கில் வைப்பது?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த அரண்மனை முடிந்த 1791-ஆம் ஆண்டிலேயே திப்புவோடு போரிட்ட ஆங்கிலேயத் தளபதி மாக்ஸ்வெல்லின் படை நம் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைப் பிடிக்க முயன்று தோற்றது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி எங்கள் பகுதியை உள்ளடக்கிய பாராமகால் முழுவதும் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், கைக்குப் போனது. இந்த மண்ணும் அந்த அரண்மனையும் அதுவரை ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. தங்கள் இதழிலோ எங்கள் மாவட்டம் மாம்பழப் பருவத்தில் மட்டுமே நினைவுக்கு வருகிறது. இராயக்கோட்டையைப் பற்றி எழுதியபோது வேறு ஏதோ ஒரு கோட்டையின் படத்தைப் போட்டீர்கள். அதைச் சுட்டிக்காட்டி நான் அனுப்பிய கடிதத்துக்கு இன்றுவரை இடம் கிடைக்கவில்லை. மலைக்கோட்டைச் சுவர்களில் பெயர் கிறுக்குகிறார்கள் என்று எழுதியதும் அப்படியே போயிற்று. இங்கிருந்து பெங்களூருக்குச் சுற்றுலா போகும் பள்ளிப் பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவில் இறக்கிவிட்டு, அரண்மனையைப் பேருந்தின் சன்னல் வழியாகக் காட்டித் திரும்புகிறார்கள். தங்கள் இதழைப் போன்ற பத்திரிகைகளே இப்படி எழுதினால் ஆசிரியர்களை நான் எப்படிக் குறை சொல்வது?

என் வேண்டுகோள் சிறியதுதான். அதே ஞாயிறு இணைப்பில், அரண்மனை தொடங்கிய ஆண்டையும் முடிந்த ஆண்டையும் குறிப்பிட்டு, அந்தத் தூண்கள் தெரியும்படி ஒரு படத்தோடு, நான்கு வரித் திருத்தம் வெளியிட வேண்டும். படத்துக்கு இடமில்லை என்றால் ஆண்டுகளை மட்டுமாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.